எல்லா வாசலுக்கும் போவது

என் அப்பா தோ பாயோவில் வீடு வீடாகப் பத்திரிகை போட்டவர். விடியற்காலை நான்கு மணிக்கே புளோக்கின் கீழ்த்தளத்தில் உட்கார்ந்து கட்டுகளைப் பிரிப்பார். தமிழ் முரசு ஓர் அடுக்கு, ஆங்கில நாளிதழ் ஓர் அடுக்கு, சீனம் ஒன்று, மலாய் ஒன்று. எங்கள் பழைய புளோக்கில் அப்போது மின்தூக்கி ஒன்றாம், ஆறாம், பதினோராம் மாடிகளில் மட்டுமே நிற்கும். எல்லா மாடியிலும் நிற்க வைக்கும் மேம்பாட்டுத் திட்டம் 2001இல் தொடங்கியது. எங்கள் புளோக்கின் முறை வருவதற்குள் அப்பா அந்த வேலையை விட்டுவிட்டார். அதனால் பதினோராம் மாடிக்கு ஏறி, நடைபாதை நடைபாதையாக நடந்து, படிக்கட்டு வழியே கீழே வருவதுதான் அவர் வழி.

பள்ளி விடுமுறையில் நானும் கூடப் போவேன். ஒருநாள், "இந்த மாடியில் ஒரு வீட்டுக்கும் போடவில்லையே அப்பா, எதற்கு இந்தக் கோடி வரை நடந்தோம்?" என்று கேட்டேன். "படிக்கட்டு இந்தக் கோடியில்தானே இருக்கிறது" என்றார்.

இப்போது நான் நிரல் எழுதிப் பிழைக்கிறேன். பல ஆண்டுகளாக என் வேலை ஒரு சிறிய கம்பைலரை, அதாவது மனிதர் எழுதும் நிரலைக் கணினி இயக்கும் வடிவத்துக்கு மாற்றித் தரும் கருவியை, பராமரிப்பது. வணிக விதிகளை எழுதுவதற்கென்று எங்கள் அலுவலகத்தில் ஒரு சின்ன மொழி இருக்கிறது: விலை, வரி, தள்ளுபடி, கட்டணம் எல்லாம் அதில் எழுதப்படுகின்றன. கம்பைலர் ஹாஸ்கெல் மொழியில் இருக்கிறது. அதன் உள்ளே இருக்கும் மரங்களில் ஏறி இறங்குவதுதான் என் அன்றாடம். ஹாஸ்கெல் போன்ற மொழிகளில் சார்புகளை, அதாவது உள்ளீட்டை வாங்கி விடை தரும் சிறு நிரல் துண்டுகளை, அடுக்கி எழுதுவதைச் சார்பு நிரலாக்கம் என்பார்கள். 2025 அக்டோபரில் அதன் முதன்மை ஆய்வு மாநாடு நம் சிங்கப்பூரிலேயே நடந்தபோது, இந்த விஷயத்தைத் தமிழில் யாராவது எழுதியிருக்கிறார்களா என்று தேடினேன். கண்ணில் படவில்லை. எனவே எழுதுகிறேன்.

கம்பைலர் நாம் எழுதிய வரிகளை வரிகளாக வைத்துக்கொள்வதில்லை. "விலை × (1 + விகிதம்)" என்று எழுதினால், உச்சியில் ஒரு பெருக்கல் கணு, அதன் இடக்கிளையில் "விலை" என்ற மாறி, வலக்கிளையில் ஒரு கூட்டல் கணு, அதன் கீழே 1 என்ற எண்ணும் "விகிதம்" என்ற மாறியும் என்று ஒரு மரமாக மாற்றிக்கொள்கிறது. எங்கள் மொழியில் இப்படிப்பட்ட கணுக்களுக்கு 31 வடிவங்கள் இருந்தன: எண், மாறி, கூட்டல், ஒப்பீடு, நிபந்தனை, பெயரிடுதல், சார்பு அழைப்பு, பட்டியல், தேதி என்று.

ஒரு விதியில் வரும் மாறிகளின் பெயர்களையெல்லாம் திரட்ட வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். வேலை உண்மையில் ஒரே வடிவத்தில்தான் இருக்கிறது: மாறி என்றால் அதன் பெயரைக் கொடு. ஆனால் கையால் எழுதினால் 31 வரிகள் வேண்டும். மற்ற 30 வரிகளும் "கிளைகளுக்குள் போய்க் கேட்டு, கிடைத்ததைச் சேர்" என்பதைத்தான் வெவ்வேறு சொற்களில் சொல்கின்றன. தேதிகளைத் திரட்ட இன்னொரு 31. இப்படி ஏழெட்டுச் சார்புகளை நான் எழுதியிருக்கிறேன். அவற்றில் ஒன்றில், நிபந்தனைக் கணுவின் மூன்று கிளைகளில் இரண்டுக்குள் மட்டும் இறங்கிவிட்டு மூன்றாவதை மறந்திருந்தேன். ஒரே மாதிரியான வரிகளைப் பார்த்துப் பார்த்துக் கண் பழகிவிடுகிறது, விடுபட்டது தெரிவதில்லை. அந்தப் பிழை எட்டு மாதங்கள் அங்கேயே இருந்தது.

இந்தச் சலிப்புக்கு மருந்தாக 2003இல் ரால்ஃப் லெம்மல், சைமன் பெய்டன் ஜோன்ஸ் இருவரும் ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார்கள். "ஸ்க்ராப் யுவர் பாய்லர்பிளேட்" என்பது அதன் தலைப்பு. வழக்கமாக எழுதித் தள்ளும் வரிகளைத் தூக்கி எறியுங்கள் என்று பொருள். அதில் அவர்கள் எடுத்துக்கொண்ட உதாரணம் ஒரு நிறுவனம்: துறைகள், துறைக்குள் துறைகள், மேலாளர்கள், ஊழியர்கள், சம்பளம். எல்லோருடைய சம்பளத்தையும் உயர்த்த வேண்டும். சம்பளத்தைத் தொடும் வரி ஒன்றுதான்; அந்தச் சம்பளம் இருக்கும் இடத்துக்குப் போய்ச் சேரும் வரிகள்தான் பக்கத்தை நிரப்புகின்றன. போய்ச் சேரும் வேலையைக் கம்பைலரே எழுதித் தரட்டும் என்றார்கள்.

அவர்கள் சொன்ன வழி மூன்று சிறிய துண்டுகளால் ஆனது. முதலாவது, ஒரு கணுவின் நேரடிக் கிளைகளுக்கு மட்டும், ஒரே ஒரு படி, ஒரு வேலையை அனுப்புவது. இதைக் கம்பைலர் ஒவ்வொரு தரவு வகைக்கும் (எண், தேதி, பட்டியல் என்று ஒரு மதிப்பு எந்த இனம் எனச் சொல்வதுதான் வகை) தானாகவே எழுதித் தரும். "டேட்டா" என்ற வகுப்பை வருவித்துக் கொள் என்று ஒரு சொல் எழுதினால் போதும். இரண்டாவது, அந்த ஒரு படியைத் திரும்பத் திரும்பச் செய்வது: கிளைகள் எல்லாவற்றுக்கும் என்னையே அனுப்பு, பிறகு இந்தக் கணுவில் வேலையைச் செய். இந்த ஒற்றை வரிச் சார்பின் பெயர் "எவ்ரிவேர்". மூன்றாவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. ஒரே ஒரு வகைக்காக மட்டும் எழுதப்பட்ட வேலையை எடுத்து, எந்த வகைக்கும் போகக்கூடிய வேலையாக மாற்றித் தருவது. வந்து நின்ற இடத்தில் வகையைப் பார்க்கும். தன் வகை என்றால் வேலையைச் செய்யும். இல்லையென்றால் உள்ளதை உள்ளபடியே விட்டு நகரும். அப்பா தமிழ் முரசைக் கையில் வைத்துக்கொண்டு மற்ற வாசல்களைக் கடந்த விதம் அது.

சாதாரணமாக ஹாஸ்கெலில் ஒரு சார்புக்கு இன்னொரு சார்பைக் கொடுத்தால், கொடுக்கப்பட்ட சார்பு அங்கே ஒரு வகையோடு நின்றுவிடும். எண்ணுக்கும் தேதிக்கும் பெயருக்கும் ஒரே சார்பையே கொண்டுபோக வேண்டும் என்றால், "இது எல்லா வகைக்கும் பொருந்தும்" என்ற உறுதிமொழியோடு அதைக் கொடுக்க வேண்டும். இரண்டாம் படிப் பொதுவகை என்று அதைச் சொல்லலாம். ஹாஸ்கெலின் முதன்மைக் கம்பைலரான ஜிஎச்சி அதை ஏற்றுக்கொண்டதால்தான் அந்த 2003 கட்டுரையின் யோசனை, பிறரும் எடுத்துப் பயன்படுத்தும் நிரல் நூலகமாக மாறியது.

முதல்முறை இதை என் விதி மொழியில் பயன்படுத்திய அன்று, 31 வரிச் சார்பு இரண்டு வரியானது. மறந்துபோன அந்த மூன்றாவது கிளையும் தானாகவே உள்ளே வந்துவிட்டது. யாரும் மறக்க முடியாது, ஏனென்றால் யாரும் எழுதவில்லை. அன்று மாலை ரயிலில் வீட்டுக்கு வரும்வரை அந்த இரண்டு வரிகளைக் கைப்பேசியில் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

எல்லா இடத்துக்கும் போவதற்கு விலை உண்டு. ஹாஸ்கெலில் எழுத்துச்சரம் என்பது எழுத்துகளின் பட்டியல். ஆங்கிலத்தில் நான்கு எழுத்துள்ள ஒரு பெயருக்குள் எவ்ரிவேர் நுழைந்தால், நான்கு எழுத்துகளையும், பட்டியலின் ஐந்து வால்களையும் (ஒவ்வோர் எழுத்திலும் தொடங்கிக் கடைசி வரை நீளும் துண்டுகள், கடைசியில் இருக்கும் வெற்றுப் பட்டியல் உட்பட) ஒவ்வொன்றாகத் தட்டிவிட்டு வெளியே வரும். ஒரு பெயருக்கு ஒன்பது வாசல்கள். வேகமான "டெக்ஸ்ட்" வகைக்கு மாறினாலும் இந்த வழியில் தப்ப முடியாது. அதன் டேட்டா வருவிப்பு, உள்ளே இருப்பதைப் பட்டியலாகப் பிரித்துக் காட்டி, பிறகு மீண்டும் கட்டுகிறது. 2007இல் நீல் மிட்செல், கொலின் ரன்சிமன் இருவரும் வெளியிட்ட "யூனிப்ளேட்" இதற்கு நல்ல விடை தந்தது. எந்த வகைக்குள் எந்த வகை இருக்க முடியும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டுக்கொண்டு, தேடும் பொருள் இருக்கவே முடியாத கிளைகளுக்குள் அது போவதில்லை. எழுத்துச்சரத்துக்குள் ஒரு விதிக்கணு இருக்க முடியாது. எனவே அந்த வாசலைத் தாண்டிவிடும். அப்பாவிடமும் ஒரு சிறிய நோட்டுப் புத்தகம் இருந்தது, மாடி வாரியாக வீட்டு எண்கள் குறித்தது.

வேகம் ஒரு சிறிய விஷயம். என்னை உண்மையிலேயே உலுக்கிய இரண்டு சம்பவங்கள் வேறு.

முதலாவது, 2013 வாக்கில். எங்கள் ஹாஸ்கெல் கோப்புகளில் எந்தச் சார்பு எங்கெல்லாம் அழைக்கப்படுகிறது என்று பட்டியலிடும் ஒரு கருவி தேவைப்பட்டது. ஜிஎச்சி தன்னையே ஒரு நூலகமாகவும் தருகிறது. அதைக் கொண்டு கோப்பைப் படித்து, கிடைத்த மரத்தில் பொதுவான தேடல் ஒன்றை ஓடவிட்டேன். நிரல் பாதியில் விழுந்தது. இடநிரப்பியை மதிப்பிட்டுவிட்டாய் என்ற பொருளில் ஒரு செய்தி.

காரணத்தைத் தேடிப் போனபோது கற்றதை இன்றும் நினைத்துக்கொள்கிறேன். ஜிஎச்சி ஒரு கோப்பை மூன்று கட்டமாகப் புரிந்துகொள்கிறது. முதலில் இலக்கணப்படி மரமாக்குகிறது. பிறகு ஒவ்வொரு பெயரும் எதைக் குறிக்கிறது என்று தீர்க்கிறது. அதன் பிறகு வகைகளைச் சரிபார்க்கிறது. மூன்று கட்டத்துக்கும் ஏறக்குறைய ஒரே மரம்தான். ஒரு கணுவின் வகை என்ன என்று எழுதுவதற்கு மரத்தில் இடம் இருக்கிறது. ஆனால் முதல் கட்டத்தில் அந்த விடை இன்னும் பிறக்கவில்லை. அன்றைய ஜிஎச்சி அந்த இடத்தில் ஒரு வெடியை வைத்திருந்தது: யாராவது பார்த்தால் நிரலை நிறுத்து.

ஹாஸ்கெலில் இது செல்லும். ஒரு மதிப்பைக் கேட்கும்வரை அது கணக்கிடப்படுவதில்லை. கேட்காத வெடி வெடிக்காது. கம்பைலரை எழுதியவர்களுக்கு எந்தக் கட்டத்தில் எந்த இடம் நிரம்பியிருக்கும் என்று தெரியும். அவர்கள் கையால் எழுதிய சார்புகள் அந்த இடங்களைத் தொடாமல் போயின. அந்த ஒப்பந்தம் அவர்கள் மனத்தில் இருந்தது, வகையில் எழுதப்படவில்லை. எல்லா வாசலையும் தட்டுவது என்றே பிறந்த என் தேடலுக்கு அந்த ஒப்பந்தம் எப்படித் தெரியும்? முதல் வெற்று வாசலிலேயே கால் வைத்துவிட்டது.

எனக்கு முன்பே பலர் இதில் விழுந்திருந்தார்கள். அதற்கென்றே ஒரு துணை நூலகம் இருந்தது. எந்தக் கட்டத்து மரம் என்று நாம் சொன்னால், அந்தக் கட்டத்தில் வெறுமையாக இருக்கும் இடங்களைச் சுற்றிக்கொண்டு போகும். என் வேலை அதைக் கொண்டு முடிந்தது. ஆனால் சரியான திருத்தம் 2015இல் வந்த ஜிஎச்சி 7.10இல்தான் கிடைத்தது. நடப்பவனை மாற்றாமல் மரத்தை மாற்றினார்கள். எந்தக் கட்டம் என்பது மரத்தின் வகையிலேயே இடம்பெற்றது. விடை பிறக்காத இடத்தில் வெடிக்குப் பதிலாக, தொட்டாலும் ஒன்றும் ஆகாத, "இங்கே இன்னும் எதுவும் இல்லை" என்று சொல்லும் ஒரு சாதாரண மதிப்பு வந்தது. 2017இல் ஷயான் நஜ்த், பெய்டன் ஜோன்ஸ் இருவரும் இதே சிந்தனையை இன்னும் விரித்து, கட்டத்துக்கு ஏற்ப வளரும் மரம் என்ற வடிவத்தை முன்வைத்தார்கள். இன்றைய ஜிஎச்சியின் மரம் அந்த வழியில் அமைந்தது. இவ்வளவு பெரிய, இத்தனை பேர் கைபட்ட ஒரு நிரலில், தரவின் வடிவத்தையே உண்மை பேச வைக்க அவர்கள் பட்ட பாட்டை நான் மதிக்கிறேன்.

இரண்டாவது சம்பவத்தில் மரம் உண்மையைத்தான் சொன்னது. தவறு என்னுடையது.

2024 ஜனவரி 1 அன்று பொருள், சேவை வரி 8 விழுக்காட்டிலிருந்து 9 விழுக்காடாக உயர்ந்தது நினைவிருக்கும். அதற்கு முந்தைய டிசம்பரில் எங்கள் விதிகளையெல்லாம் தயார்ப்படுத்திக்கொண்டிருந்தோம். "விகிதம்" என்ற பொதுப் பெயர் வரும் இடங்களில், ஓடும்போது தேடிக்கொண்டிருக்காமல், 0.09 என்ற எண்ணையே முன்கூட்டி வைத்துவிட்டால் கணக்கு வேகமாகும் என்று நினைத்தேன். எவ்ரிவேர் கையில் இருந்தது. விகிதம் என்ற மாறியைப் பார்த்தால் 0.09 ஆக்கு. ஒரே வரி.

சோதனை ஓட்டத்தின் இரண்டாம் நாள் கணக்குப் பிரிவில் இருக்கும் அக்கா என் மேசைக்கு வந்தார். "ஊழியர் தள்ளுபடியை யாரம்மா குறைத்தது?" என்று கேட்டார். 100 வெள்ளிப் பொருளுக்கு ஊழியர் 80 வெள்ளி தர வேண்டும். எங்கள் கணக்கு 91 என்றது.

அந்த விதியைத் திறந்து பார்த்தேன். யாரோ ஒருவர், பல ஆண்டுகளுக்கு முன், அந்த விதிக்குள் மட்டும் செல்லும்படி ஒரு பெயரிட்டிருந்தார்: "விகிதம் என்பது 0.20 எனக் கொள்க. விலை − விலை × விகிதம்." முற்றிலும் சரியான விதி. உள்ளே வரும் விகிதம் வரி விகிதம் அல்ல; பெயர்தான் ஒன்று. வகையும் ஒன்று. என் வேலை வாசலில் வகையைப் பார்த்தது, பெயரைப் பார்த்தது, 0.09ஐப் போட்டுவிட்டு வந்துவிட்டது. 100இல் 9 போக 91.

எவ்ரிவேர் கீழிருந்து மேலே வருகிறது என்பது இதை இன்னும் மோசமாக்கியது. பெயரிடும் கணுவுக்கு வந்து சேரும்போது அதன் கிளைகள் ஏற்கெனவே மாறிவிட்டன; "இந்தப் பெயர் இங்கே வேறு பொருளில் இருக்கிறது" என்று அந்தக் கணு சொல்வதற்கு வாய்ப்பே இல்லை. மேலிருந்து இறங்கி, குறிப்பிட்ட கணுக்களில் நின்றுவிடும் இன்னொரு வடிவம் நூலகத்தில் இருக்கிறது. அதை முயன்றேன். அதுவும் தவறு. "விகிதம் என்பது விகிதம் ÷ 2 எனக் கொள்க" என்று ஒரு விதி இருந்தால், எங்கள் மொழியில் வலப்பக்கத்தில் இருக்கும் விகிதம் வெளியே உள்ள பழைய விகிதம். அதை மாற்றத்தான் வேண்டும். அதன் கீழே வரும் உடலில் இருப்பது புதிய விகிதம், அதைத் தொடக்கூடாது. ஒரே கணுவின் ஒரு கிளைக்குள் போக வேண்டும், இன்னொன்றுக்குள் போகக்கூடாது. எந்தப் பொதுவான நடைக்கும் இது தெரியாது, தெரிய வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. பெயரின் எல்லை மரத்தின் வடிவத்தில் இல்லை, மொழியின் பொருளில் இருக்கிறது.

கடைசியில் எழுதியது இது. ஹாஸ்கெலின் சொற்களைத் தமிழாக்கியிருக்கிறேன்:

போ (மாறி பெ) | பெ == விகிதம் = எண் 0.09
போ (எனக்கொள் பெ வலம் உடல்) | பெ == விகிதம் = எனக்கொள் பெ (போ வலம்) உடல்
போ மற்றது = இறங்கு போ மற்றது

முதல் வரி செய்ய வேண்டிய வேலை. இரண்டாவது வரி எல்லை: வலப்பக்கத்துக்குள் போகிறது, உடலை அப்படியே வைக்கிறது. மூன்றாவது வரிதான் 2003இன் கொடை, ஆனால் எவ்ரிவேராக அல்ல. அதற்கு அடியில் இருக்கும் அந்த முதல் துண்டு. ஒரே ஒரு படி இறங்கு, இறங்கிய இடத்தில் மீண்டும் என்னையே கேள். யூனிப்ளேட்டில் இதற்கு "டிசெண்ட்" என்று பெயர். எப்போது இறங்குவது, எங்கே நிற்பது என்ற அதிகாரம் என் கையிலேயே இருக்கிறது. 31 வரிகளை எழுதும் சலிப்பு மட்டும் போய்விடுகிறது. சார்பின் அளவுருக்களுக்கும் (அது வாங்கும் உள்ளீடுகளின் பெயர்கள்) இரண்டாவது வரியைப் போலவே ஒரு வரி சேர்த்தேன். அன்று மாலையே ஊழியர் தள்ளுபடி 80க்குத் திரும்பியது.

நான் பதிலாக வைத்தது ஓர் எண் என்பதால் இவ்வளவோடு தப்பித்தேன். எண்ணுக்குப் பதிலாக வேறு பெயர்கள் அடங்கிய கோவை ("விலை × விகிதம்" போன்ற கணக்குத் தொடர்) ஒன்றை வைத்திருந்தால், அந்தப் பெயர்கள் போய்ச் சேர்ந்த இடத்தில் உள்ளூர்ப் பெயர்களிடம் சிக்கிக்கொள்ளும். ஜிஎச்சி பதிலீடு செய்யும்போது, அந்த இடத்தில் நடப்பில் இருக்கும் பெயர்களின் தொகுப்பு ஒன்றைக் கூடவே சுமந்து செல்வது அதனால்தான். ஜிஎச்சியின் உள்மொழியான "கோர்" மரத்தில் கோவைகளுக்குப் பத்தே வடிவங்கள். அங்கே கையால் எழுதுவது பெரிய பாரமில்லை. பல பத்து வடிவங்கள் உள்ள மேல்நிலை மரத்தில்தான் இந்தப் பொதுநடையின் அருமை தெரியும்.

இப்போது நான் வைத்திருக்கும் வழக்கம் இது. எதையாவது தேடித் திரட்ட வேண்டுமா, இடக்குறிப்புகளைத் துடைக்க வேண்டுமா, எண்ணிக்கை எடுக்க வேண்டுமா, எவ்ரிவேர் போன்றவற்றைத் தயங்காமல் பயன்படுத்துகிறேன். பெயர்களைத் தொடும் வேலை என்றால், "இறங்கு" மட்டும்தான்.

அந்த மூன்றாவது வரியில் ஓர் ஆபத்து இன்னும் மிச்சமிருந்தது. மொழியில் புதிய வடிவம் ஒன்று சேர்ந்தால், அது சத்தமின்றி "மற்றது" என்பதில் போய் விழும். கையால் எழுதிய 31 வரிகளாக இருந்தால், 32ஆவது வடிவம் விடுபட்டிருக்கிறது என்று கம்பைலர் எச்சரித்திருக்கும். அந்த எச்சரிக்கையை நான் விற்றுத்தான் சுருக்கத்தை வாங்கியிருந்தேன். எனவே ஒரே ஒரு சார்பை மட்டும் முழுக்கக் கையால் எழுதி வைத்தேன். "இந்தக் கணு எந்தப் பெயரைக் கட்டுகிறது, எந்தக் கிளையில் அது செல்லும்?" என்பது அதன் கேள்வி. கட்டுவது என்றால் ஒரு பெயருக்கு அங்கே புதிய பொருள் தருவது. 31 வடிவங்களுக்கும் தனித்தனி வரி; "மற்றது" என்ற வரி அதில் கிடையாது. பெயரைத் தொடும் வேலைகள் எல்லாம் இப்போது இதைக் கேட்டுவிட்டுத்தான் இறங்குகின்றன. அதன் தலையில் ஒரு குறிப்பும் எழுதியிருக்கிறேன்: இங்கே யாரும் "மற்றது" என்ற வரியைச் சேர்க்கக் கூடாது.

சென்ற மாதம் எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த தம்பி, பட்டியலில் உள்ள ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு கணக்கைச் செய்யும் "ஒவ்வொன்றுக்கும்" என்ற வடிவத்தை மொழியில் சேர்த்தார். எல்லாவற்றையும் முடித்துவிட்டு ஓட்டியபோது ஒரே ஓர் எச்சரிக்கை வந்தது, அந்தச் சார்பில். திரையைப் படம் பிடித்து எனக்கு அனுப்பினார்: "அக்கா, ஒவ்வொன்றுக்கும் என்பது பெயர் கட்டுகிறதா?"

அவருடைய நாற்காலிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். பட்டியல் கிளை, உடல் கிளை, இரண்டையும் தாளில் வரைந்தோம். "கட்டுகிறது," என்றேன். "பட்டியல் கிளைக்குள் செல்லாது. உடலுக்குள் மட்டும்." அவர் 32ஆவது வரியை எழுதினார்.